கதவு விட்ட பாதி

“எங்க அக்காவுக்கு உள்ள ஒரு சீட்டு வேணும்.”

கேட்டேவிட்டாள். எதை ஒருநாளும் கேட்கக்கூடாது என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாளோ, அதையே கேட்டுவிட்டாள். அதுவும் குழைந்து, நெளிந்து, ‘ஒரு சின்ன உதவி’ என்று ஆரம்பித்தா? அதெல்லாம் அவளுக்கு வராது. பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்கிற மாதிரி பட்டென்று கேட்டாள்.

வீட்டுக்காரம்மாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிற மூன்று குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, பாடத்துக்கு ஒரு டீச்சர் என்று வைத்துக்கொண்டிருந்தன. வகுப்பு நடப்பது இந்த அம்மாவின் கூடத்தில். ஆகவே பெரியவர் சிறியவர் எல்லார் வாயிலும் அவர் வீட்டுக்காரம்மா. டீச்சராக வந்த அவளுக்கு விழுந்த பாடம் ஆர்கெஸ்ட்ரா என்கிற வாத்தியக்குழு, பாலே நடனம், ஓபரா என்கிற பாட்டு நாடகம். பாடத்தின் முடிவில் பிள்ளைகளை அரங்கத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. முதலில் ஆர்கெஸ்ட்ரா, அப்புறம் பாலே, இடைவேளைக்குப் பிறகு ஓபராவில் ஓர் அங்கம் என்று சிறுவர்களுக்காகவே பகலில் நடத்துகிற நிகழ்ச்சி. யார் எங்கே உட்காருவது என்று தாய்மார்கள் அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். டீச்சருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நன்றி சொல்லவேண்டிய நேரம் பார்த்து, அதே அரங்கத்தில் கதவருகே வேலைபார்க்கிற அக்காவை அவள் இழுத்தாள்.

“அக்காவுக்கா? அவங்க அன்னிக்கு டியூட்டியில இருப்பாங்களேம்மா” என்றார் வீட்டுக்காரம்மா.

“அதான் மேடம். டியூட்டியில நிக்காம சீட்ல உக்காரணும்.”

“அப்ப கதவுல யாரு நிப்பாங்க?”

கிண்டல் இல்லை. நிஜமான சந்தேகம். அதுதான் அவளுக்குச் சுரீரென்றது. குத்திப் பேசியிருந்தால் திருப்பிக் குத்தலாம். இவருக்கோ அக்கா என்றால் கதவு, கதவு என்றால் அக்கா. கதவு எழுந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால் அரங்கத்துக்குள் காற்றடிக்குமே என்ற கவலை.

“அத அங்க இருக்குறவங்க பாத்துக்கட்டும். நான் பொறந்து விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவ அந்தக் கதவுக்கு வெளிய உக்காந்திருக்கா மேடம். உள்ள என்ன நடக்குதுன்னு ஒருதடவகூட முழுசாப் பாத்ததில்ல. நியாயமா இது?”

பல் டாக்டரம்மா நடுவில் புகுந்தார். இரட்டைப் பையன்களின் அம்மா; யாரோடு பேசினாலும் அவர்களுடைய பல்லைப் பார்த்தே பேசுவார். “நியாயம் இல்லதான். அரங்கத்து மேனேஜர் எனக்குத் தெரிஞ்சவர். அவரோட கடவாய்ப்பல்லு என் கையிலதான் இருக்கு. கேட்டுப் பாக்குறேனே.”

“கேளுங்க” என்றாள். கூடவே ஒரு ‘தேங்க்ஸ்’ சேர்த்திருக்கலாம். அது தெருமுனை திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வழக்கம்போல.

அக்காவின் வேலை இதுதான். வருகிறவர்களின் டிக்கெட்டைக் கிழிக்கவேண்டும். டார்ச் அடித்து இருக்கையைக் காட்டவேண்டும். விளக்கு மங்கியதும் கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சாத்தவேண்டும். மெத்தை மாதிரி பஞ்சு வைத்துத் தைத்த கனமான கதவு. சாத்திவிட்டு வராந்தாவில் மடக்கு நாற்காலியில் உட்காரவேண்டும். தாமதமாக வந்து குதிக்கிறவர்களை நிறுத்தி வைக்கவேண்டும். உள்ளே யாராவது சத்தம்போட்டால் மட்டும் டார்ச்சோடு போய் அடக்கிவிட்டு உடனே திரும்பிவிடவேண்டும்; அதற்கு அவசியம் வந்ததே இல்லை.

அந்தப் பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. மெல்லிய சத்தத்தையெல்லாம் குடித்துவிடும். தடித்த சத்தம் மட்டும் மரத்தை உலுக்கிக்கொண்டு வெளியே வரும். ஏன் அப்படி என்று கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் ஒலியைப் பற்றிப் படித்தபோது அவளுக்குப் புரிந்தது. அக்காவுக்குப் புரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெளியே வந்ததைக் கேட்டாள், அதுதான் முழுசு என்று வைத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது அன்றைய நிகழ்ச்சி எப்படி என்று கேட்டால் அவளுடைய தீர்ப்பு தயாராக இருக்கும்.

“ஆர்கெஸ்ட்ராவா? பக்கத்து வீட்டுல யாரோ பீரோவ நகத்துறாங்க. ஆனா தாளம் தப்பாம நகத்துறாங்க.”

பாலே என்றால், “தரையில கால் படாம பறக்குறாங்கன்னு உள்ளேர்ந்து வர்றவங்க சொல்றாங்க. வெளிய உக்காந்து கேட்டா தெரியும். ஆட்டுமந்தை ஓடுற மாதிரி இருக்கு.”

ஓபரா என்றால்தான் அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கும். “எந்தக் கதையா இருந்தாலும் ஒரு கிழவன் தனியாப் பொலம்பிக்கிட்டு இருக்கான். ஒரு ஆள் பதில் சொல்றதில்ல. பாவம்.”

அந்தக் கிழவனுக்குப் பதில் சொல்கிறவள் உண்டு. உச்சக்குரலில் பாடுகிற பெண். அவளுடைய குரலைத்தான் பஞ்சு குடித்துவிடுகிறது.

ஆனாலும் அக்கா பாத்திரம் கழுவும்போது ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். டும்… டும்… டுடும்… டும். டபுள் பேஸ் என்கிற ஆளுயரப் பிடில் வாசிக்கிற பகுதி அது. நடுவில் ஒரு மௌனம் வரும். மேலே வயலின்கள் பாடுவதற்காக பேஸ் வாயை மூடிக்கொள்கிற இடம். வயலின் கேட்காத அக்காவுக்கு அந்த இடம் வெறும் ஓட்டை. அதில் ஒரு ‘ம்ஹும்’ போட்டு அடைத்துவிட்டு மேலே போவாள். டும், டும், டுடும், ம்ஹும், டும்.

தங்கை ஒருமுறை கைபேசியில் அதே இசையைத் தேடிப் பிடித்து அக்காவின் காதில் இயர்போனை மாட்டிவிட்டாள். அக்கா கொஞ்சநேரம் கேட்டுவிட்டுக் கழற்றிக் கையில் கொடுத்தாள். “இது அது இல்லடி. அது நெஞ்சுல வந்து இடிக்கும். இது காதுக்குள்ள கொசு.” சொன்னது சரிதான். அவளிடம் இருந்த மலிவான கைபேசி தடித்த சத்தத்தையெல்லாம் விழுங்கிவிட்டு மெல்லியதை மட்டும்தான் பாடும். கதவு ஒரு பாதியைத் தந்தது, கைபேசி இன்னொரு பாதியை. இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

வம்சத்திலேயே முதல் பட்டதாரி அவள். பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபிறகு அக்காதான் அவளை ஆளாக்கினாள். வீட்டுக்காரம்மா ஒருநாள் அரங்கத்து வாசலில், பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஆள் கிடைப்பார்களா என்று விசாரித்தபோது, “என் தங்கச்சி படிச்சிருக்கா” என்று அக்கா சொன்னாள். கேட்ட கேள்விக்குப் பதில்தான் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து தங்கையிடம்தான் நீட்டி முழக்கினாள். “நல்லபடியா சொல்லிக் குடு. என் பேர வெச்சு யார்கிட்டயும் எதுவும் கேட்டுடாத. அங்க ஒரு சீட்டு, ஒரு சலுகை, ஒண்ணும் கூடாது. கேட்டேன்னு என் காதுல விழுந்துச்சு, அப்புறம் அக்கான்னு கூப்பிடாத.”

முதல்நாளே தகராறு. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டலாம் என்று கைபேசியை எடுத்தாள். வீட்டுக்காரம்மா தடுத்தார். அந்த மூன்று வீட்டிலும் திரை கிடையாது, பதிவு செய்த இசையும் கிடையாது.

“பாட்டே போடாம பாட்டு சொல்லிக் குடுக்கணுமா மேடம்?”

“முதல் தடவ கேக்குறத நேர்லதான் கேக்கணும். அது எங்க கொள்கை.”

கொள்கை வைத்துக்கொள்ளவும் வசதி வேண்டியிருக்கிறது என்று மனசுக்குள் திட்டினாள். ஆனால் பின்னாளில் அந்தக் கொள்கைக்குத்தான் கடன்பட்டாள். வேறு வழியில்லாமல்போனதால்தான் அக்காவின் பாதியைக் கையில் எடுத்தாள்.

கூடத்துத் தரையில் சாக்பீஸால் பெரிய பிறை ஒன்று வரைந்தாள். இங்கே வயலின், இங்கே செல்லோ, இந்த ஓரத்தில் டபுள் பேஸ், பின்னால் முரசு. நான்கு பிள்ளைகளும் எல்லா இடத்திலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில் எல்லாரையும் பேஸ் இருக்கிற ஓரத்துக்கு நகர்த்தி, அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறதைப் பாடவைத்தாள். ம்ஹும் உட்பட. அது பாட்டில் இல்லாதது என்று அவளுக்குத் தெரியும். எடுத்துவிட மனசு வரவில்லை.

பாலேக்கு, குதிகாலையும் இரட்டையரில் ஒருவனையும் மாடியில் குதிக்கவிட்டு, மற்றவர்களைக் கீழே நிற்கவைத்தாள். குதிகால் என்பது வக்கீல் வீட்டுப் பெண்ணுக்கு அவள் வைத்த பெயர். குதிகாலைத் தரையில் வைத்து நடந்து யாரும் பார்த்ததில்லை. “கேட்டுச்சா?” என்று மேலேயிருந்து கத்தினாள். “ஆட்டுமந்தை!” என்று கீழேயிருந்து பதில் வந்தது. கண்ணுக்குப் பறக்கிற உடம்பு காதுக்குக் கனக்கும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்தது. ஓபராவுக்கு, இரட்டையர் தினமும் போடுகிற சண்டையையே பாட்டாகப் போடச் சொன்னாள். மைக் கிடையாது, சமையலறையில் இருப்பவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கவேண்டும். ‘என் பென்சிலை எடுத்தவன் நீயே’ என்று ஒருவன் வீடு அதிரப் பாட, ‘எடுத்தேன், கடித்தேன், என்ன செய்வாய்’ என்று மற்றவன் பாட, சமையலறையில் இருந்த வீட்டுக்காரம்மா கண்ணில் நீர்வரச் சிரித்தார். கோபம் வந்தாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், நல்ல மனுஷி.

வீட்டுக்காரம்மாவின் மகளுக்கு அவள் வைத்த பெயர் கேள்வி. வயசு பதினொன்று. இந்தப் பிள்ளைகளுக்குக் கை தூக்கிக் காத்திருக்கிற பழக்கமே இல்லை. கேள்வி எப்போது வருகிறதோ அப்போது கேட்பார்கள், பாட்டு வந்தால் பாடுவார்கள். வீட்டுப் படிப்பின் லட்சணம் அது.

“டீச்சர், பேஸுக்கு மேல என்ன வரும்?”

“போய்க் கேளு. அன்னிக்குத் தெரியும்.”

“நீங்க கேட்டிருக்கீங்களா?”

“போன்ல.”

“போன்ல கேட்டா கேட்ட மாதிரியா?”

“இல்ல” என்றாள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவளுக்கு வாழ்க்கை இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

பல் டாக்டரம்மா சொன்னபடி கேட்டார். பதிலோடும் வந்தார். “முடியாதுங்குறார்ம்மா. நிகழ்ச்சி நடக்கும்போது கதவுல எப்பவும் ஒரு ஆள் இருக்கணுமாம். அதுதான் விதியாம். சாரி.” அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, வேலைக் கோட்டை ஆணியில் மாட்டினாள். திரும்பாமலே கேட்டாள்.

“கேட்டியாமே?”

“கேட்டேன்.”

“என் பேரச் சொல்லி?”

“உனக்குக் கேக்குறதுக்கு ஊர்ல இருக்குறவங்க பேரயா சொல்லுவாங்க?”

“மேனேஜர் எல்லார் முன்னாடியும் கேக்குறார். ‘என்னம்மா, டிக்கெட் கிழிச்சது போதும், மகாராணி மாதிரி உக்காந்து பாக்கணுமாமே’ன்னு. ஒரே சிரிப்பு.”

“சிரிக்கட்டும். வாய் அவங்களோடது.”

“மானம் என்னோடதுடி.”

அக்கா குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். தங்கைக்கு அடங்கவில்லை. “ஏன் கேக்கக் கூடாது? ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் வாய மூடிக்கிறேன். உரிமைதானே அது? இத்தன வருஷம் அங்க நின்னிருக்க. மத்தவங்க ஏதாவது கேக்காமலா இருக்காங்க? நீ என்ன தெய்வமா?”

“நான் ஏற்கனவே ஒண்ணு கேட்டாச்சு” என்றாள் அக்கா.

“என்ன கேட்ட?”

“உன்ன.” அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். “முன்னாடி இருந்த மேனேஜர்கிட்ட. நீ அப்ப ரொம்பச் சின்னது. ஸ்கூல் விட்டு வந்தா வீட்டுல ஆள் இல்ல. தனியா விட்டுட்டு வேலைக்குப் போக முடியல. ‘வராந்தால ஒரு ஓரமா உக்காந்து படிக்கும் சார், மூச்சுச் சத்தம்கூட வராது’ன்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சுட்டு, ‘சரி, ஆனா இதுக்கு மேல நீ எதுவும் கேக்கக் கூடாது’ன்னார். கேக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். அதோட முடிஞ்சுது. அவர் போயிட்டாலும் வாக்கு போகுமா?”

அந்த வராந்தா தங்கைக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. மஞ்சள் விளக்கு, குளிர்ந்த தரை, மடியில் கணக்குப் புத்தகம், முதுகுக்குப் பின்னால் கதவின் அதிர்வு. அங்கே வேலை செய்கிற எல்லாருடைய பிள்ளைகளும் அப்படித்தான் வருவார்கள் போல என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள். வேறு ஒரு பிள்ளையை அங்கே பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பட்டதாரியாம் பட்டதாரி. கண்ணெதிரே இருந்ததைக் கூட்டிப் பார்க்கத் தெரியாத பட்டதாரி. அந்த விளக்கு இல்லையென்றால் அந்தக் கணக்கு இல்லை, அந்தக் கணக்கு இல்லையென்றால் கல்லூரி இல்லை. அக்கா தன்னிடம் இருந்த ஒரே ஒரு ‘தயவுசெய்து’வை எடுத்து இவளுக்குச் செலவழித்திருக்கிறாள்.

மற்றவர்களுக்கு நன்றி வந்தால் கண் கலங்கும். அவளுக்குக் கோபம்தான் வரும். “இத ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?” என்று கத்தினாள்.

“சொன்னா நீ நிம்மதியா படிச்சிருப்பியா?”

தங்கை மிச்சமிருந்த பாத்திரங்களை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

“ஆசை இல்லன்னு நினைக்காத” என்றாள் அக்கா, கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்தபடி. “இருக்கு. அந்தக் கிழவனுக்கு யாராவது பதில் சொல்றாங்களான்னு ஒருதடவ பாக்கணும். இருந்துட்டுப் போகட்டும். எல்லா ஆசைக்கும் கதவத் தொறந்துவிட முடியுமா?”

“சொல்றாக்கா. ஒருத்தி பதில் சொல்றா. ரொம்ப மேலேர்ந்து.”

“சொல்றாளா?” அக்காவின் கை ஒரு நொடி நின்றது. “சந்தோஷம்.”

அதற்கப்புறம் நிகழ்ச்சி நாள்வரைக்கும் அக்கா அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்குக் கதவருகில் அக்கா கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றாள். “டிக்கெட்” என்றாள். தங்கையின் டிக்கெட்டையும் ஊரான் வீட்டு டிக்கெட் மாதிரியே கிழித்தாள்.

“டீச்சர், இவங்க உங்க மூக்க வெச்சிருக்காங்க” என்றாள் கேள்வி.

“அவங்க மூக்கத்தான் நான் வெச்சிருக்கேன். எங்க அக்கா.”

“வரிசையா வாங்க கண்ணுங்களா, படி பாத்து” என்றாள் அக்கா. குரலில் கொஞ்சம் ஈரம். அது பிள்ளைகளுக்கு மட்டும்.

விளக்கு மங்கியது. பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தத்தை அவள் உள்ளேயிருந்து கேட்டாள்.

வாத்தியக்குழுவை நடத்துகிறவர் கையைத் தூக்கினார். டும்… டும்… டுடும். நாற்காலியின் மரம் அதிர்ந்து முதுகில் ஏறியது. ஒரு கணம் அவள் வராந்தாத் தரையில் இருந்தாள், மடியில் கணக்குப் புத்தகத்தோடு. அடுத்த கணம் பேஸ் வாயை மூடிக்கொண்ட அந்த ஓட்டையில் வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. இருட்டறையில் யாரோ எல்லா ஜன்னலையும் ஒரே தள்ளில் திறந்துவிட்ட மாதிரி. இவ்வளவுமா அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது? இத்தனை வருஷமாகவா?

அப்போதுதான் பக்கத்தில் கேட்டது. டும், டும், டுடும், ம்ஹும், டும்.

நான்கு பிள்ளைகளும் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். முணுமுணுப்பு அல்ல. வீட்டில் பாடுகிற மாதிரி, வயிற்றிலிருந்து, சந்தோஷமாக. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மேடையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று விரல்நுனிவரை சொல்லித்தந்திருந்தாள். நாற்காலியில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும் என்று சொல்லித்தரவே இல்லை. தோன்றவே இல்லை. அவள்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாதே. போதாக்குறைக்கு, கேள்வி எழுந்து நின்றுகொண்டு முழுக்குரலில் கேட்டாள்: “டீச்சர், இதுதான் மேல வர்றதா?”

முன்வரிசை முழுக்கத் திரும்பியது. வீட்டுக்காரம்மா மகளின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பின்னால் கதவு திறந்தது. வெளிச்சக் கீற்று ஒன்று நடைபாதையில் விழுந்து, டார்ச் ஒன்று இறங்கி வந்தது.

அக்கா வந்த வேகத்தில் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். டார்ச் தரையைப் பார்த்தபடி இருந்தது. பிள்ளைகளின் வாயில் அவளுடைய டும் டும், அவளுடைய ம்ஹும். அதற்குமேல், அவள் ஒருநாளும் கேட்டிராத அந்த மற்றது. ம்ஹும் விழுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் முகத்தைத் தங்கை பார்த்தாள். அந்த முகத்தில் அக்கா இல்லை. யாரோ ஒரு சின்னப் பெண் இருந்தாள்.

பிறகு அக்கா தன்னைப் பிடித்திழுத்துக்கொண்டு, குனிந்து, உதட்டில் விரல் வைத்தாள். “வெளிய வந்து பாடலாம் கண்ணு. இங்க கேக்க மட்டும்தான்.” பிள்ளைகள் உடனே அடங்கினார்கள். அக்கா திரும்பி நடந்தாள். மெதுவாக நடந்தாள், அந்த நடைக்குள் காதில் விழுந்த அளவுதான் அவளால் எடுத்துக்கொள்ள முடிந்தது. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

பாலேயில் உண்மையாகவே பறந்தார்கள். குதிகால் இருக்கை நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டீச்சருக்கோ ஆட்டுமந்தையும் கேட்டது, பறப்பதும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் அது அழகு. ஆனால் மனசு கதவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது.

இடைவேளையில் கேள்வி நேராக அக்காவிடம் போய் நின்றாள். டீச்சர் தடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“சாரி. பாடக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாது.”

“பரவால்ல கண்ணு.”

“நீங்க எப்பவும் வெளியேதானா? மேல வர்றது உங்களுக்குக் கேக்காதா?”

“கேக்காது.”

“இன்னிக்குக் கேட்டுச்சா?”

அக்கா அவளுக்குச் சமமாகக் குனிந்தாள். “கேட்டுச்சு. நீங்க சத்தம் போட்டதாலதான் நான் உள்ள வந்தேன், வந்ததாலதான் கேட்டுச்சு. தேங்க்ஸ்மா.” நிமிரும்போது தங்கையைப் பார்த்தாள். இத்தனை நாள் கழித்து முதல் பார்வை. “நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க, கழுதை. ம்ஹும் எதுக்குடி போட்ட? அது பாட்டுல இல்லியே.”

“உன்கிட்ட கத்துக்கிட்டா அப்படித்தான் வரும்.”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு யாருடைய டிக்கெட்டையோ வாங்கப் போனாள். இரண்டடி தள்ளி நின்றிருந்த வீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரும் இருக்கைக்குத் திரும்பினார்கள். ஓபராவின் திரை இன்னும் மேலேறவில்லை. அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறிற்று. மூன்றிலும் அவள் உயிரைவிட்டது ஓபராவுக்குத்தான். அந்த உச்சக்குரலைக் கொசுவாக இல்லாமல் ஒருதடவையாவது நேரில் கேட்கவேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். கேட்காமல் போனால் வலிக்கும். வலிக்கட்டும். வராந்தாவில் அக்கா குனிந்து நிமிர்ந்தபோதே அவள் முடிவுசெய்துவிட்டாள்.

கேட்பதுதானே தப்பு? யாரிடமும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கதவில் எப்போதும் ஒரு ஆள் இருக்கவேண்டும், அதுதானே விதி? ஆள் இருக்கும், அவளே. அவளுடைய சீட்டில் அக்கா உட்காரட்டும். அந்தக் கதவை எப்படிச் சாத்தவேண்டும், தாமதமாக வருகிறவர்களை எந்த முகத்தோடு நிறுத்தவேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவேண்டாம். அங்கேயே வளர்ந்தவள். மேனேஜர் வந்து குதித்தால் குதிக்கட்டும், அவருக்குப் பதில் சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறது. அக்கா மாட்டேன் என்பாள். என்றால் வாதாடப்போவதில்லை. டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். நிகழ்ச்சி நேரத்தில் வராந்தாவில் சண்டைபோட அக்காவால் முடியாது. சத்தம் வரக்கூடாது என்பது அக்காவின் சொந்தச் சட்டம்.

எழுந்தாள்.

“டீச்சர், எங்க போறீங்க? கிழவன் இப்பதான் வரப்போறார்” என்று கிசுகிசுத்தாள் கேள்வி. கிசுகிசுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அதற்குள்.

“கதவுக்கு.”

“ஏன்?”

“அங்க ஒரு ஆள் இருக்கணும்.”

கேள்வி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். அடுத்த ‘ஏன்’ வரவில்லை. டீச்சர் எழுந்ததும் மடிந்து மேலேறப்போன இருக்கையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடாதபடி. வீட்டுக்காரம்மா, யாரும் கேட்காமலே, முழங்கால்களை ஒடுக்கி வழிவிட்டார்.

“தேங்க்ஸ் மேடம்” என்றாள். இந்தத் தடவை மறக்கவில்லை.

விளக்குகள் மங்கத் தொடங்கின. நடைபாதையில் அவள் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருந்தாள். மேலே, இன்னும் சாத்தாத கதவின் இடைவெளியில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. அதில் கோட்டுப் போட்ட ஓர் உருவம், கதவின் கைப்பிடியில் கை. அவள் திரும்பிப் பார்க்காமல் அந்த வெளிச்சத்துக்குள் நடந்தாள்.